செலானில் இல்லாத நாலாவது குறிப்பு

போன வாரம் நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள். ஒருத்தி காலங்கார்த்தாலே வாழைப்பழமும் தேங்காய் மூடியும் படம் போட்ட ஒரு புதிரைத் தூக்கிப் போட்டாள். பாதிப் பேருக்குப் பதினாறு வந்தது, மீதிப் பேருக்குப் பதினைந்து. மத்தியானத்துக்குள் பேச்சு பத்தாம் வகுப்பு பி செக்ஷனில் யார் யாரைப் பார்த்து காப்பியடித்தாள் என்கிற வரைக்கும் போய், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே கிளம்பிவிட்டார்கள். அறுபதை நெருங்குகிற வயதில்! அவர்களைத் திரும்பக் கூட்டிவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"ரெண்டுமே சரிதான்" என்று நான் எழுதியதற்கு, "உனக்கு எப்பவுமே வழவழா கொழகொழாதாண்டி" என்று ஒருத்தி பதில் போட்டாள். யாரென்று சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். அடி போடி! ரெண்டும் சரி என்று சொல்லிவிட்டு அதிலேயே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கென்ன தெரியும்? பதினைந்து வயதில் நான் அப்படி நின்றிருக்கிறேன், அதுவும் ஓடுகிற மின்சார ரயிலில். இந்தக் கதையை உங்களில் ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கோடை அது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு அடிபம்பு. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்து நம்பர் தேடினோம். நான் பாஸ். பிறகு வந்த மார்க் ஷீட்டில் எல்லாவற்றிலும் எழுபதுக்கு மேல், கணக்கில் மட்டும் ஐம்பத்தெட்டு.

அந்த ஐம்பத்தெட்டு எப்படி வந்தது என்று நம் கணக்கு டீச்சரைக் கேட்டால் உடனே சொல்லியிருப்பார். "இவ கணக்கை முடிக்கமாட்டா, நோண்டிக்கிட்டே இருப்பா" என்று என் அம்மாவிடமே சொன்னவர். பரீட்சையிலும் அதுதான் நடந்தது. ஒரு ஜியோமெட்ரி கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, இன்னொரு வழியிலும் வருகிறதே என்று அதையும் போட்டுப் பார்த்தேன். வந்தது! சந்தோஷத்தில் மூன்றாவது வழியையும் தேடினேன். மணி அடித்தபோது கடைசிப் பக்கக் கணக்குகள் அத்தனையும் அப்படியே கிடந்தன.

இதை வீட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்? அப்பா டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தார். நிதானமான மனிதர், அடித்ததோ திட்டியதோ கிடையாது. "கணக்குக்குத் தனி மூளை வேணும்மா. உனக்கு அது இல்லேன்னா பரவாயில்ல. மூணாவது குரூப் எடு, காமர்ஸ் படி" என்றார். பரவாயில்லை என்று அவர் சொன்ன விதத்தில்தான் எனக்குப் பிடிவாதம் ஏறியது. எனக்கு முதல் குரூப் வேண்டும், கணக்கு வேண்டும். இரண்டு நாள் ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அம்மா மாங்காய் சாம்பார் வைத்துவிட்டதால் அதைத் தொடர முடியவில்லை.

அப்பா முடிவு சொல்லத் தடுமாறும்போதெல்லாம் போய் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பேங்க் மாமா. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா, பேங்க் மாமா, போஸ்டாபீஸ் மாமா, கோர்ட் மாமா நாலு பேரும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் பதினோரு வருஷமாக வேலைக்குப் போகிறவர்கள். வண்டி தாம்பரத்தில் புறப்படுவதால் முதல் ஆளாகப் போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். பேங்க் மாமா வண்டியில் தினமும் புதிர் போடுவார். அந்தப் பெட்டியில் அவருக்கு மந்திரி மாதிரி மரியாதை என்று அப்பா சொல்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் பேங்க் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, பையில் நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று பேனா. அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே, "பாப்பாவுக்கு லாஜிக் இருக்கா இல்லியான்னு பாத்துடுவோமே சார். நான் ஒரு புதிர் தரேன். போட்டுட்டா முதல் குரூப், இல்லேன்னா மூணாவது. என்ன சொல்றீங்க?" என்றார். அப்பாவின் முகத்தில் பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது. ஒரு பெண்ணின் படிப்பை ஒரு புதிரில் வைப்பார்களா என்று இன்றைக்கு நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. புதிர்தானே, ஊதித் தள்ளிவிடலாம் என்று துள்ளிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாமா ஒரு பேங்க் செலானின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தப் புதிர் எனக்கு இன்றைக்கும் வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது:

நாலு நண்பர்கள் மின்சார ரயிலில் எதிரெதிரான இரண்டு பெஞ்சுகளில், பெஞ்சுக்கு இருவராக உட்கார்ந்து போகிறார்கள். பேங்க்காரர், போஸ்டாபீஸ்காரர், கோர்ட்காரர், டெலிபோன்காரர். ஒன்று: கோர்ட்காரருக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு: கோர்ட்காரருக்குப் பக்கத்தில் போஸ்டாபீஸ்காரர். மூன்று: போஸ்டாபீஸ்காரருக்கு நேர் எதிரே பேங்க்காரர். கேள்வி: ரயில் போகிற திசையைப் பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் யார்?

ரஃப் நோட்டில் இரண்டு பெஞ்சு வரைந்தேன். கோர்ட்காரர் ஓரத்துக்குப் போனார், அவர் பக்கத்து ஜன்னலில் போஸ்டாபீஸ்காரர், எதிர் ஜன்னலில் பேங்க்காரர், மிச்ச இடத்தில் அப்பா. ரயில் போகிற திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். கால் மணி நேரத்தில் "போஸ்டாபீஸ்காரர்" என்று செலானிலேயே எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். மாமா ஒரு பார்வைதான் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"பேங்க்காரர்தான்மா விடை. வண்டியில இதுவரைக்கும் இருபது பேர் போட்டிருக்காங்க, ஒருத்தர்கூட தப்பா சொல்லல" என்றார். திட்டிச் சொல்லவில்லை, பாவம், வருத்தமாகத்தான் சொன்னார். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். மாமா எதிரில் அழக்கூடாது என்று அடிபம்புக்கு ஓடிப்போய், காலியாகக் கிடந்த யாருடைய குடத்திலேயோ தண்ணீர் அடித்தேன்.

மறுநாள் அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குழியில் மாவைத் தள்ளிவிட்டபடி புலம்பினேன். "எப்படிம்மா எல்லாரும் பேங்க் மாமான்னு சொன்னாங்க? எனக்கு மட்டும் ஏன் வரல?"

அம்மா குழவியை நிறுத்தாமலே சிரித்தாள். "இதுல என்னடி அதிசயம்? அவரு பின்னாடி போற மாதிரி உக்காந்தா தலை சுத்தும், வாந்தி வரும்பாரு. பதினோரு வருஷமா எதிர்க்காத்து அடிக்கிற அந்த ஒரே ஜன்னல்தான். பையில எப்பவும் ஒரு எலுமிச்சம்பழம் வேற. தாம்பரத்துக்கே தெரியுமே!"

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. "அது செலான்ல இல்லியேம்மா!"

"எதுக்கு எழுதணும்? அவங்களுக்குத்தான் தெரியுமே."

மாவுக் கையோடு எழுந்து ஓடி நோட்டை எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. அம்புக்குறியை மட்டும் அழித்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துப் போட்டேன். ஒன்றாவது குறிப்பு, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது, சரி. இப்போது விடை பேங்க்காரர். திரும்பவும் அம்பை மாற்றினேன். மூன்று குறிப்பும் சரி, விடை போஸ்டாபீஸ்காரர். ஐயோ, அந்த நிமிஷம்! என் நோட்டில் அந்தப் பக்கம் முழுக்க மாவுக்கறை. நான் குதித்த குதியில் பல்லி ஒன்று சுவரிலிருந்து விழுந்து ஓடியது. அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அவர் போட்ட அந்தப் பெருக்கல் குறி மட்டும்தான் தப்பு.

உடனே மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கப் போயிருந்தார், ராத்திரிதான் வருவார் என்றார்கள். அப்பாவிடம் சொன்னேன். "விடும்மா, பெரியவங்ககிட்ட போய் வாதாடிக்கிட்டு... ஒத்துக்கிட்டுத்தானே போட்டே" என்றார். நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சைதாப்பேட்டையில் இருந்த ஸ்கூலில் ஃபாரம் கொடுத்தாக வேண்டும். அப்பா மேஜையில் உட்கார்ந்து ஃபாரம் எழுத ஆரம்பித்தார். குரூப் என்ற இடத்தில் "மூன்று" என்று எழுதினார். அப்பாவுக்கு ஒரு பழக்கம், எந்த ஃபாரத்தையும் முதலில் பென்சிலில் எழுதிவிட்டுத்தான் மேலே மையில் எழுதுவார். மற்ற எல்லாவற்றிலும் மை ஏறிவிட்டது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பென்சிலோடு விட்டுவிட்டுத் தூங்கப் போனார். அதைப் பார்த்தது நான் மட்டும்தான்.

காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போது காதருகே குனிந்து, "அப்பாகிட்ட பேசாத. நேரா பேங்க் மாமாகிட்டயே கேளு. சைதாப்பேட்டை வர்ற வரைக்கும் டைம் இருக்கு" என்றாள். நான் காம்பஸ் பாக்ஸையும், செலானைச் செருகிவைத்த ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பழைய மீட்டர்கேஜ் வண்டி உங்களுக்கு நினைவிருக்கிறதா? மரப் பெஞ்சு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, ஆடி ஆடித் தொங்குகிற கைப்பிடிகள். நாலு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவோரம் வெள்ளரிக்காய்க்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சானடோரியம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஷெட் நாற்றம் குபீரென்று வர, பெட்டி முழுக்கக் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனது. எல்லோர் வாயும் மூடியிருக்கிற அந்த நேரத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"மாமா, உங்க புதிருக்கு ரெண்டு விடை இருக்கு."

கைக்குட்டைக்குப் பின்னால் மாமாவின் கண் விரிந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நோட்டை மாமாவின் மடியில் வைத்து, அம்புக்குறியைக் காட்டி, "இதை மட்டும் திருப்பிப் பாருங்க" என்றேன்.

மாமா பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். "இல்லம்மா... பேங்க்காரர் எதிர்ப்பக்கம் உக்கார முடியாதே. எனக்குத் தலை சுத்தும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எனக்குத் தெரியாது மாமா. நேத்துதான் அம்மா சொன்னாங்க. செலான்ல மூணு குறிப்புதான் இருக்கு."

"தெரிஞ்ச விஷயத்தை எதுக்கும்மா எழுதணும்? நீ சொல்றது நடக்காத விடை."

"உங்களுக்குத் தலை சுத்தும்னு புதிருக்கு எப்படி மாமா தெரியும்?"

போஸ்டாபீஸ் மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "மாட்டிக்கிட்டீங்க சார்! பாப்பா கேக்கறது நியாயம். பதினோரு வருஷமா நான் முதுகுல காத்து வாங்கிட்டு வரேன், என்னை ஒருத்தர் கேட்டீங்களா?" நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் நான் நோட்டை எடுக்கவில்லை.

அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "இன்னா சார், வாய்ல பேசிக்கினே கீறீங்க? அந்தாண்ட மாறி குந்திப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது. பொண்ணு சொல்றதுல இன்னா தப்பு கீது?"

"தலை சுத்தும்மா எனக்கு."

"சுத்துனா எலிமிச்சங்கா கீதே பையில. நானுந்தான் தெனம் பாக்கறேன், சும்மா தூக்கினு போய் சும்மா தூக்கினு வர்றே."

பெட்டியே சிரித்தது. பல்லாவரத்தில் வண்டி நின்ற நேரத்தில் நாலு பேரும் எழுந்தார்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இடம் மாறி உட்காரத் தெரியாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, கோர்ட் மாமா தன் டிபன் கேரியரைப் பழைய இடத்திலேயே விட்டு, அப்பா தவறிப்போய் ஜன்னலில் உட்கார்ந்து, நான் அவரை ஓரத்துக்கு நகர்த்தி... என் அப்பாவை நான் இடம் மாற்றி உட்காரவைத்த முதல் தடவை அதுதான். கடைசியில் பேங்க் மாமா வண்டிக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கை கம்பியில்.

வண்டி கிளம்பியதும் நான் செலானை உரக்கப் படித்தேன். "கோர்ட்காரருக்கு ஜன்னல் கிடையாது!"

"இல்ல!" என்று பெட்டியே சொன்னது.

"கோர்ட்காரர் பக்கத்துல போஸ்டாபீஸ்காரர்!"

"ஆமா!"

"போஸ்டாபீஸ்காரருக்கு நேர் எதிர்ல பேங்க்காரர்!"

"ஆமா!"

"எதிர்க்காத்து யாருக்கு அடிக்குது?"

போஸ்டாபீஸ் மாமா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை ஜன்னலில் வைத்திருந்தார். நாலே நாலு முடி அவருக்கு, அந்த நாலும் எழுந்து நின்று ஆடின. "ஆகா" என்று மட்டும் சொன்னார். "கரீட்டு!" என்று வெள்ளரிக்காய்க்காரம்மா தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆனால் பேங்க் மாமா சுலபத்தில் விடுகிறவரா? மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் கூரையை உரசுகிற மாதிரி இறங்கியது, அது இறங்கி முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் கத்திக் கத்தி வாதாடினார். புதிர் என்றால் பொது அறிவு வேண்டாமா என்றார். பழவந்தாங்கலில், இருபது பேரும் முட்டாளா என்றார். "அவங்க உங்களைப் பாத்து விடை சொன்னாங்க மாமா, செலானைப் பாத்து சொல்லல" என்றேன். பரங்கிமலையில் மாமா செலானை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார். கிண்டி வந்தபோது சிவப்புப் பேனாவைத் திறந்து, தான் போட்ட பெருக்கல் குறியைக் கோடு கோடாக அடித்து, பக்கத்தில் பெரிய டிக் போட்டார்.

"சார்," என்று அப்பாவைப் பார்த்தார். "தப்பு என் புதிர்ல. பாப்பாகிட்ட இல்ல. இருபது பேர்ல ஒருத்தருக்கும் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. முதல் குரூப் போடுங்க. இல்லேன்னா நான் இனிமே இந்த வண்டியில புதிரே போடமாட்டேன்."

அப்பா பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். என் காம்பஸ் பாக்ஸில் இருந்த ரப்பரைக் கேட்டு வாங்கி அந்தப் பென்சில் எழுத்தை அழித்தார். "உன் நோட்டை நேத்தே நான் பாத்திருக்கணும்" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெட்டி முழுக்க ஆள் இருக்க, வெட்கமே இல்லாமல் அழுதேன். ஜெயித்துவிட்டு அழுவது எவ்வளவு சுகம்!

"பேனா குடுங்க சார்" என்றார் அப்பா. மாமா நீலப் பேனாவை நீட்டினார். வண்டி தடதடவென்று அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. அந்த ஆட்டத்திலேயே, பென்சிலில் எழுதாமல், நேராக மையில், "முதல்" என்று எழுதினார் அப்பா. எழுத்து நாலு பக்கமும் கோணிக்கொண்டு போயிற்று. ஸ்கூலில் ஃபாரம் வாங்கிய கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இந்த ஒரு வார்த்தையை மட்டும் யார் சார் எழுதினது, எல்கேஜி பிள்ளையா?" என்று கேட்டது தனிக் கதை.

முதல் குரூப் படித்து, முப்பத்துச் சொச்சம் வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று பாக்கி இருக்கிறது.

சைதாப்பேட்டையில் நானும் அப்பாவும் இறங்கினோம். வண்டி புறப்பட்டது. திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் மாமா எங்களைத் தாண்டிப் போய்விட்டிருப்பார். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே போனார். அவருக்குப் பின்னாலிருந்து வெள்ளரிக்காய்க்காரம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "இன்னா சார், தல சுத்தலியா?"

மாமாவின் முகம் மாறியது. பல்லாவரத்திலிருந்து இவ்வளவு தூரம் அந்த ஞாபகமே இல்லாமல் வந்திருக்கிறார்! கையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்க்காத பழம். சட்டென்று அந்தக் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி, பழத்தோடு சேர்த்து ஆட்டினார். "சுத்தலேம்மா! எனக்குத் தலை சுத்தவே இல்ல!" என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வண்டி வளைவில் மறைகிற வரைக்கும் அந்த மஞ்சள் பழம் ஆடிக்கொண்டே போனது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

"நட, மணியாச்சு" என்றார் அப்பா. ஆனால் அவரும் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்.